வேதியியல் ஃபாரோவின் கோணல் சதுரம்

ஃபிக்ரி கொனைம் எகிப்தின் தந்தா நகரத்து அரசு ஆண்கள் பள்ளியில் இறுதி வகுப்புக்கு வேதியியல் ஆசிரியர். அந்த வகுப்பில் எல்லா வசதிகளும் இருந்தன. மாணவர்கள் மட்டும் இல்லை.

இது யாருடைய குற்றமும் அல்ல. அரசாங்கம் பள்ளிக்கூடம் கட்டியது, ஆசிரியர்களை நியமித்தது, பாடப் புத்தகம் அச்சிட்டது. பிள்ளைகள் வந்து பெயரைப் பதிந்துகொண்டு, படிப்பதற்காக டியூஷன் சென்டருக்குப் போய்விட்டார்கள். கெட்டிக்கார ஆசிரியர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். எந்த சென்டரும் கூப்பிடாதவர்கள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஃபிக்ரி அவர்களிலும் ஒரு படி கீழே. அவர் மணி அடித்ததும் வகுப்புக்கே போய்விடுவார். கரும்பலகையில் 'நீர் மூலக்கூறு ஏன் வளைந்திருக்கிறது?' என்று எழுதுவார். அடுத்த மணி அடிக்கும்வரை நின்றுவிட்டு, அழித்துவிட்டு வருவார்.

ஒருமுறை கல்வி ஆய்வாளர் வந்தார். காலிப் பெஞ்சுகளை வரிசை வரிசையாகப் பார்த்தார். 'வகுப்பில் ஒழுங்கு மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஃபிக்ரி அதைப் பெருமையாக வீட்டில் சொன்னார்.

"ஆளே இல்லாத எடத்துல ஒழுங்குக்கு என்ன கொறச்சல்?" என்றாள் அவர் மனைவி இன்ஸாஃப்.

அந்த வருடம் அவர்களுடைய ஒரே மகள் ரவான் பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டும். மருத்துவக் கல்லூரிதான் வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தாள். இயற்பியலை 'இயற்பியல் ராக்கெட்' என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருந்தவரிடம் படித்தாள். உயிரியலுக்கு 'உயிரியல் டைட்டானிக்'. அந்தக் கப்பலுக்குக் கடைசியில் என்ன ஆனது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வேதியியல் மட்டும் வீட்டில், அப்பாவிடம்.

"ரவான் அப்பா, ஊருல ஒருத்தர் ராக்கெட்டா இருக்காரு, ஒருத்தர் கப்பலா இருக்காரு. நீங்க மட்டும் ஏன் இன்னும் ஃபிக்ரியாவே இருக்கீங்க?" என்று இன்ஸாஃப் ஒருநாள் பீன்ஸ் மசித்துக்கொண்டே கேட்டாள்.

ஃபிக்ரிக்கும் அந்தச் சந்தேகம் கொஞ்ச காலமாகவே இருந்தது.

ஆகவே அவர் தன் ஒரே நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு ஹாஜி பஸ்யூனியைப் பார்க்கப் போனார். பஸ்யூனி 'ஆயிரம் ரோஜா' கல்யாண மண்டபத்தின் முதலாளி. மாலையில் கல்யாணம், பகலில் டியூஷன். நாற்காலி அதே, மைக் அதே, மேடையில் மணமக்கள் அமரும் இரண்டு தங்கநிற சிம்மாசனங்களும் அதே. முந்தின கல்யாணத்தின் பூக்கள் வாடும்வரை இயற்பியலுக்கும் உயிரியலுக்கும் அலங்காரமாக இருந்தன.

"உக்காருங்க. எனக்குப் பாடம் நடத்திக் காட்டுங்க. நான் ஆறாங் கிளாசோட நின்னவன். எனக்கு ஏறிச்சுன்னா எவனுக்கும் ஏறும்" என்றார் பஸ்யூனி. இருவருக்கும் டீ வந்தது.

ஃபிக்ரி எழுந்து நின்றார். பல வருடங்களுக்குப் பிறகு கண் திறந்திருக்கும் ஒரு மாணவன் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்குங்க ஹாஜி. நடுவுல கார்பன். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஆக்சிஜன், நேர்கோட்டுல. ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கமா இழுக்கற சாதி. ஒரு கழுதையை ரெண்டு பேர் எதிரெதிரா ஒரே பலத்தோட இழுத்தா என்ன ஆகும்?"

"கழுதை நின்ன எடத்துலயே நிக்கும்."

"அதேதான். இழுப்பு இருக்கு, ஆனா மொத்தமாப் பாத்தா முனைவு இல்ல. இப்ப தண்ணியைப் பாருங்க. நடுவுல ஆக்சிஜன், ரெண்டு ஹைட்ரஜன். ஆனா நேரா நிக்கல. ஏன்னா ஆக்சிஜன் மேல ரெண்டு ஜோடி எலக்ட்ரான் யாரோடயும் சேராம தனியா உக்காந்து எடத்தை அடைச்சுக்குது. அதுங்களுக்கு ஒதுங்கி ஹைட்ரஜன் ரெண்டும் ஒரு பக்கமாச் சாயுது. மூலக்கூறு வளைஞ்சு போச்சு. இப்ப ரெண்டு இழுப்பும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்காது, ஒரே பக்கமாச் சேரும். ஒரு முனையில கொஞ்சம் எதிர்மின், மறு முனையில கொஞ்சம் நேர்மின். இதைத்தான் முனைவுங்கறோம். அதனாலதான் தண்ணி உப்பைக் கரைக்குது. அந்த வளைவு இல்லேன்னா நீங்களும் இல்ல, நானும் இல்ல, இந்த டீயும் இல்ல."

டீ ஆறிப்போயிருந்தது. பஸ்யூனி வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அருமை," என்றார் கடைசியில். "இதை நடத்தினீங்கன்னா ரெண்டாவது நாள் மண்டபத்துல ஈ கூட இருக்காது. எல்லாத்தையும் ஒரே வரியில சொல்லுங்க."

"ஒரே வரியில சொன்னா தப்பாயிடும் ஹாஜி."

"தப்பா இருந்தா இருந்துட்டுப் போகுது, சின்னதா இருக்கணும். பரீட்சையில பையன் ஒரு கட்டத்தை டிக் அடிக்கணும், அவ்வளவுதான். கழுதையைக் கூட்டிட்டா போகப் போறான்?" பஸ்யூனி கண்ணை மூடி யோசித்தார். பிறகு மேடையைப் பார்த்தார். "ஏதோ ஜோடின்னு சொன்னீங்களே. மேடையில ஜோடி உக்காந்திருந்தா?"

"பெரும்பாலும் முனைவு இருக்கும்."

"மேடை காலின்னா?"

"சுத்தி நிக்கறது எல்லாம் ஒரே அணுன்னா, முனைவு இருக்காது."

பஸ்யூனி தொடையில் ஒரு தட்டு தட்டினார். "முடிஞ்சுபோச்சு. மேடையில ஜோடி இருந்தா முனைவு. மேடை காலி, வந்தவங்க எல்லாம் ஒரே வீட்டுக்காரங்க, முனைவு இல்ல. இதுக்குப் போயி டீயை ஆற வெச்சீங்களே."

ஃபிக்ரிக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. "ஹாஜி, ஒரு விதிவிலக்கு இருக்கு. செனான்னு ஒரு அணு. அதுல சில சமயம் ரெண்டு ஜோடி எதிரெதிரா உக்காரும், மேல ஒண்ணு, கீழ ஒண்ணு..."

"ஒரே மண்டபத்துல ரெண்டு கல்யாணமா? நான் விடமாட்டேன்" என்றார் பஸ்யூனி. விதிவிலக்கு அத்துடன் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

பட்டம் வைப்பதில் ஒரு வாரம் போனது. 'வேதியியல் புயல்' பக்கத்து ஊரில் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது. 'வேதியியல் சிங்கம்' இரண்டு பேர் இருந்தார்கள். கடைசியில் 'வேதியியல் ஃபாரோ' என்று முடிவானது. சுவரொட்டியில் ஃபிக்ரியின் முகத்தை யாரோ ஒரு பயில்வானின் உடம்பில் ஒட்டி, தலையில் பழங்கால எகிப்து அரசர்களான ஃபாரோக்களின் கோடு போட்ட துணியைக் கட்டியிருந்தார்கள். இன்ஸாஃப் ரொட்டி வாங்கப் போன இடத்தில் அதைப் பார்த்து, தெரிந்தவர் மாதிரி இருக்கிறதே என்று யோசித்துவிட்டு நடந்து போய்விட்டாள்.

முதல் நாள் ஃபிக்ரி பக்கவாட்டுக் கதவு வழியாக நோட்டும் சாக்குக்கட்டியுமாக நுழையப் பார்த்தார். பஸ்யூனியின் ஆட்கள் தடுத்து வாசலுக்கு இழுத்துப் போனார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வரும் அதே மேளக்காரர்கள் அங்கே தயாராக இருந்தார்கள். மேளம் அதிர, குழல் ஊத, அவர் கூட்டத்தின் நடுவே நடத்தி வரப்பட்டார். மேடையில் வெள்ளைப் புகை எழுந்தது. உறைய வைத்த கார்பன் டை ஆக்சைடு. ஆசிரியர் புத்தி சும்மா இருக்குமா? "பிள்ளைங்களா, இந்தப் புகைக்குக் காரணமான மூலக்கூறு நேர்கோட்டுல..." என்று ஆரம்பித்தார். மேளக்காரர் அதைப் பாட்டின் முதல் அடி என்று நினைத்து ஓங்கி அடித்தார்.

பிறகு ஃபிக்ரி மைக்கில் கேட்டார்: "மேடையில ஜோடி?"

"முனைவு" என்றது ஆயிரம் தொண்டை. மேளம் தாளம் போட, நாளடைவில் அது ஒரு பாட்டாகவே ஆகிவிட்டது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. இத்தனை வருடம் சுவரைப் பார்த்துக் கேள்வி கேட்டவருக்கு யாரோ பதில் சொன்னார்கள். அந்தப் பதில் முக்கால்வாசி சரியாகவும் இருந்தது. இரண்டாவது மாதத்தில் மீசைக்குச் சாயம் பூசினார். குளியலறையில் கையை உயர்த்திப் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கு மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுக்கப் போனபோது தலைமை ஆசிரியர் எழுந்து நின்று வரவேற்றார்.

"உடம்புக்கு என்ன ஃபாரோ?"

"முதுகு வலி சார்."

"நல்லாக் கவனிங்க. அப்புறம், என் பையனுக்கு முன் வரிசையில ஒரு சீட்டு பாருங்க."

ரவான் மட்டும் அந்த மண்டபத்துக்கு வர மறுத்துவிட்டாள். "அப்பா தலையில துணியைக் கட்டிக்கிட்டுப் புகையில நிக்கறதை என் சிநேகிதிங்க பாத்துட்டாங்க. நானும் பாக்கணுமா?" என்று அம்மாவிடம் சொன்னதை அவர் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார். மறுநாள் சாயம் பூசவில்லை. அதற்கு மறுநாள் பூசினார்.

தேர்வுக்குச் சில வாரம் முன்பு ரவான் சமையலறை மேசையில் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்: "பாபா, செனான் டெட்ராஃபுளூரைடு. உங்க பாட்டுப்படி பாத்தா முனைவு உண்டு. ஆனா எனக்கு இடிக்குது."

ஃபிக்ரி ஃபாரோவைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். தட்டிலிருந்த ஆலிவ் காய்களைப் பல் குத்தும் குச்சிகளில் செருகினார். நடுவில் ஒரு பெரிய காய். நாலு மூலைக்கு நாலு காய், ஒரே மட்டத்தில், சதுரமாக. மேலே ஒரு குச்சி, கீழே ஒரு குச்சி.

"ஜோடி இருக்கு, நீ சொல்றது சரி. ஆனா ரெண்டு ஜோடி. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. அது இந்தப் பக்கம் தள்ளுனா இது அந்தப் பக்கம் தள்ளுது. கணக்குத் தீந்துது. நாலு ஃபுளூரினும் எதிரெதிரா இழுக்குது. அதுவும் தீந்துது."

"அப்ப முனைவு இல்ல."

"இல்ல. ஜோடி இருக்கா இல்லையாங்கறது கேள்வியே இல்லம்மா. எங்க உக்காந்திருக்கு, மொத்த வடிவம் என்னங்கறதுதான் கேள்வி."

"இதை அங்க சொன்னீங்களா?"

ஃபிக்ரி ஒரு மூலையிலிருந்த ஆலிவைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டார். "பரீட்சையில இதெல்லாம் வராது" என்றார்.

வந்தது.

வினாத்தாளில் செனான் டெட்ராஃபுளூரைடின் படத்தையே போட்டு, 'படத்தில் உள்ள மூலக்கூறு முனைவுள்ளதா, முனைவற்றதா?' என்று கேட்டிருந்தார்கள். தந்தா நகரத்துத் தேர்வு அறைகளில் அந்தக் கேள்வி வந்ததும் பிள்ளைகள் உதட்டுக்குள் பாட்டை முணுமுணுத்தார்கள். சில அறைகளில் மேசையில் தாளமும் கேட்டது. எல்லோரும் 'முனைவுள்ளது' என்ற கட்டத்தை நிரப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

"நான் இல்லன்னு எழுதினேன் பாபா," என்றாள் ரவான். ஃபிக்ரி அவள் நெற்றியில் முத்தமிட்டார். பிறகு மற்றவர்கள் ஞாபகம் வந்து நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

சாயங்காலம் சரியான விடை வெளியானது. 'ஆயிரம் ரோஜா' வாசலில் அம்மாக்கள் கூடினார்கள். உள்ளே அன்று ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வந்த காரைச் சூழ்ந்துகொண்டு, "ஃபாரோ எங்கடா?" என்று கேட்டார்கள். அந்தப் பையன் நடுங்கிப்போய், தான் குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் பண்ணுகிறவன் என்று அடையாள அட்டையை எடுத்துக் காட்டினான்.

பஸ்யூனி ஃபிக்ரியைச் சமையற்கட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"ஹாஜி, தப்பு என்னோடதுதான். வெளிய போயி சொல்லிடறேன்."

"வாயைத் தெறக்காதீங்க. ஆயிரம் பேரு ஒரே மாதிரி எழுதியிருக்கான். ஆயிரம் பேரு எப்படித் தப்பா இருக்க முடியும்? கேள்விதான் தப்பு. காலையில கெய்ரோ போறோம். கல்வி அமைச்சகத்துல முறையிடப் போறோம்."

"அவங்க எல்லாம் படிச்சவங்க. என்னைப் பாத்துச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நாம போனோம்னு ஊருக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

அது ஃபிக்ரிக்கு ஆறுதலாக இருந்தது. அமைச்சகத்தில் இருப்பவர்கள் தன்னைத் துரத்திவிடுவார்கள் என்று முழு மனதோடு நம்பித்தான் அவர் ரயில் ஏறினார். தன் வாழ்நாளில் அரசாங்கத்தை அவ்வளவு நம்பியது அந்த ஒரு நாள்தான்.

விசாரணைக் குழுவின் தலைவர் டாக்டர் ஃபத்ஹல்லா. பக்கத்தில் நஜ்லா என்ற பேராசிரியை. அவர் பக்கத்தில் ஒரு முதியவர், கூட்டம் தொடங்கியதிலிருந்தே கண்மூடி இருந்தார். அவர் சிந்திக்கிறார் என்று சொன்னார்கள்.

"விஞ்ஞானப்படி அது முனைவற்றது," என்று நஜ்லா மெதுவாக ஆரம்பித்தார்.

"யாரு மறுத்தா?" என்றார் ஃபத்ஹல்லா கனிவாக. "ஆனா விஞ்ஞானத்துக்குப் பெத்தவங்க கிடையாது. இந்தப் பிள்ளைங்களுக்கு இருக்காங்க. அவங்க இப்ப கீழ வாசல்ல நிக்கறாங்க. தந்தால இருந்து மட்டும் இல்ல. இந்த ஃபாரோவோட பாட்டு போன்ல சுத்திச் சுத்தி தெக்குக் கோடி அஸ்வான் வரைக்கும் போயிருக்கு. நாங்க யாருக்கும் பணிய மாட்டோம். அமைச்சகம் உண்மையோட பக்கம்தான் நிக்கும். உண்மை எந்தப் பக்கம் நிக்கணும்னு மட்டும் எங்களுக்கு ஒரு காரணம் வேணும்." அவர் ஃபிக்ரியின் பக்கம் திரும்பினார். "நீங்க நிபுணர். ஒரு காரணம் சொல்லுங்க."

துரத்திவிடுவார்கள் என்று வந்தவரை நிபுணர் என்றார்கள். ஃபிக்ரி உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். மேசையில் வினாத்தாள் இருந்தது. பார்த்தார். அச்சில் மேல் வலது மூலை ஃபுளூரின் லேசாக வெளியே இழுத்துக்கொண்டு நின்றது. எத்தனையோ வருடம் படம் வரைந்த கண்ணுக்கு அது தப்பவில்லை. குழுவின் எல்லாக் கண்களும் தன்னைப் பார்ப்பதும் தெரிந்தது. மேடையில் நின்று பழகிய ஆளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"படத்துல இருக்கறது சரியான சதுரமே இல்லீங்க," என்றார். "ஒரு கை மட்டும் நீளமா இருக்கு. எதிரெதிர் இழுப்பு சமமா இல்லேன்னா முழுசா அடிபடாது. அப்படிப் பாத்தா, படத்துல உள்ள மூலக்கூறுக்கு முனைவு உண்டு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே விளங்கியது. அதில் கொடுமை என்னவென்றால், அது தர்க்கப்படி சரி.

ஃபத்ஹல்லா மணியை அழுத்தி அளவுகோல் கொண்டுவரச் சொன்னார். கணக்குப் பிரிவிலிருந்து ஒன்று வந்தது. அமைச்சகமே எழுந்து நின்று செனான் டெட்ராஃபுளூரைடை அளந்தது. ஒரு கை ஒரு மில்லிமீட்டர் அதிகம். சந்தேகத்துக்காக முதியவரை எழுப்பி அவரையும் அளக்கச் சொன்னார்கள். அவர் இரண்டு மில்லிமீட்டர் என்றார். அதையே வைத்துக்கொண்டார்கள்.

முடிவு அங்கேயே எழுதப்பட்டது. 'இவ்வாண்டுத் தேர்வைப் பொறுத்தவரை செனான் டெட்ராஃபுளூரைடு முனைவுள்ளது. அடுத்த கல்வியாண்டின் முதல் நாளிலிருந்து அது தனது முந்தைய நிலைக்குத் திரும்பும்.'

அப்போதுதான் ஃபிக்ரிக்கு ரவானின் முகம் ஞாபகம் வந்தது.

"ஐயா, ரெண்டு விடையையும் சரின்னு எடுத்துக்கிட்டா என்ன?"

"அது எப்படி முடியும்? ரெண்டும் சரின்னா அமைச்சகத்துக்கு விடை தெரியலன்னு ஆயிடும். ஒண்ணை மாத்துனா, அமைச்சகம் ஆராய்ச்சி பண்ணியிருக்குன்னு ஆகும்."

"அப்ப, இல்லன்னு எழுதுன பிள்ளைங்க?"

"அவங்க படத்தைப் பாக்கல," என்றார் ஃபத்ஹல்லா வருத்தத்தோடு. "மனப்பாடம் பண்ணினதை எழுதிட்டாங்க. மனப்பாடத்தை ஒழிக்கத்தானே நாங்க ராப்பகலா பாடுபடறோம்."

"என் பொண்ணு..." என்று ஃபிக்ரி ஆரம்பித்தார். பஸ்யூனி மேசைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தார். "ஃபாரோவோட பொண்ணே ஃபாரோகிட்ட படிக்கலன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு மண்டபத்தைக் கோழிப் பண்ணைக்குத்தான் விடணும்," என்று காதில் சொன்னார். ஃபிக்ரி வாயை மூடிக்கொண்டார். அவர் பிற்பாடு தன்னைப் பற்றி எத்தனையோ சிரிப்புக் கதைகள் சொன்னார். இந்த இடம் வந்தால் மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்.

தந்தா நிலையத்தில் அவரை ரயிலிலிருந்து இறங்கவிடவில்லை. அப்படியே தோளில் தூக்கிக்கொண்டார்கள். மேளம் வந்திருந்தது. அம்மாக்கள் குலவையிட்டார்கள். வீட்டு வாசலில் இன்ஸாஃபும் குலவையிட வாயைத் திறந்து, பக்கத்தில் மகள் நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டாள். ரவான் அப்பாவின் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மருத்துவக் கல்லூரிக் கட்-ஆஃப் வந்தபோது ரவான் அதற்கு மிக அருகில், கீழே நின்றாள். அந்த ஒரு கேள்வியின் தூரம்.

இன்ஸாஃப் கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஊராம் பிள்ளைங்களுக்கு எல்லாம் கெய்ரோ வரைக்கும் போனீங்களே. இவளுக்கு எங்க போகப் போறீங்க?"

ரவான் தானே மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தாள். அழைப்பு வந்தது. அதே அமைச்சகம், அதே அறை, அதே மூன்று பேர். உடன் வந்த ஃபிக்ரியைப் பார்த்ததும் ஃபத்ஹல்லாவின் முகம் மலர்ந்தது.

"வாங்க நிபுணரே. நல்ல நேரத்துல வந்தீங்க. ஏதோ ஒரு பொண்ணு நம்ம முடிவை எதிர்த்து மனுப் போட்டிருக்கு. நீங்களே பதில் சொல்லிடுங்க."

ஃபிக்ரிக்குத் தன் பக்கத்திலேயே நாற்காலி போடச் சொன்னார். ரவான் எதிரே நின்றாள். அவள் தன் கைப்பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. வெறுங்கையால் காற்றில் ஒரு சதுரத்தைக் காட்டினாள். மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி. இழுப்புகள் எப்படி ஒன்றையொன்று தீர்க்கின்றன என்பதை அவசரமில்லாமல் சொன்னாள். அச்சு மை கோணினால் அணுக்கள் கோணாது என்றாள். கோணுமென்றால், காப்பி மெஷினில் வைத்துப் பெரிதாக்கி முனைவைக் கூட்டிக்கொள்ளலாமே என்றும் கேட்டாள். நஜ்லா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். முதியவர் யாரும் எழுப்பாமலே கண் விழித்து முழுவதையும் கேட்டார்.

ஃபிக்ரி அதைவிட நல்ல பாடத்தைக் கேட்டதில்லை.

"நிபுணர் கருத்து?" என்றார் ஃபத்ஹல்லா.

ஃபிக்ரி எழுந்து நின்றார். "அவ சொல்றதுதான் சரி. அன்னைக்கு நான் சொன்னது பித்தலாட்டம். என் பாட்டும் தப்பு. அது தப்புன்னு பாடறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்."

ஃபத்ஹல்லா மனுவை எடுத்துப் பெயரைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ரவான் ஃபிக்ரி கொனைம். உங்க பொண்ணா?"

"ஆமா."

"அடடா," என்றார் ஃபத்ஹல்லா. அவர் உண்மையிலேயே நொந்துபோனார். "அப்ப உங்க சாட்சியை நாங்க எப்படி எடுத்துக்க முடியும்? பெத்த பாசம் கண்ணை மறைக்குது. அன்னைக்கு நீங்க நடுநிலையா இருந்தீங்க, நாங்க ஏத்துக்கிட்டோம். இன்னைக்கு அப்பாவா வந்து நிக்கறீங்க. அமைச்சகம் பாசத்துக்கு எல்லாம் மயங்காதுங்க."

மனு தள்ளுபடியானது. வெளியே நடையில் ஃபத்ஹல்லா பின்னாலேயே வந்து ஃபிக்ரியின் தோளில் கை போட்டார்.

"மனசுல வெச்சுக்காதீங்க. நமக்குள்ள சொல்றேன், உங்க பொண்ணு சொல்றது சரிதான். என் பையனும் அதையேதான் எழுதியிருக்கான். அவன்கிட்ட அன்னைக்கே சொன்னேன்: டேய், வினாத்தாளைப் படிக்காதே, வினாத்தாள் போட்டவனைப் படி."

"உங்க பையன் இப்ப என்ன பண்றான்?"

"அழுதுட்டிருக்கான்," என்றார் ஃபத்ஹல்லா. அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்.

அப்பாவும் மகளும் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கொஷரிக் கடையில் உட்கார்ந்தார்கள். சோறும் பருப்பும் மக்ரோனியும் பொரித்த வெங்காயமுமாகத் தட்டுகள் வந்தன. ஃபிக்ரி தன் தட்டைத் தொடவில்லை. ரவான் இரண்டு தட்டிலும் காரக் குழம்பை ஊற்றினாள். இவருடையதில் கொஞ்சம் கூடுதலாக.

"சாப்பிடுங்க பாபா. அறிவியல் கல்லூரியில எடம் கிடைக்கும். அங்க சேந்துக்கறேன்."

"என்ன பாடம்?"

"கெமிஸ்ட்ரி."

ஃபிக்ரி பதறிப்போனார். "அம்மாடி, வேணாம். சொன்னாக் கேளு. இந்த ஊர்ல கெமிஸ்ட்ரி படிச்சவன் கடைசியில என்ன ஆவான்னு உனக்குத் தெரியுமா?"

ரவான் வாயிலிருந்ததை மென்று முழுங்கினாள்.

"தெரியாம என்ன? பொறந்ததுல இருந்து கூடவேதானே இருக்கேன்."

ஃபிக்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரம் புரையேறி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ரவான் எட்டி அவர் தலையில் தட்டிவிட்டு, தண்ணீர்க் குவளையை அவர் பக்கமாகத் தள்ளினாள்.